நீயும் ஒரு பேங்கு ஆரம்பி, பேராண்டி

டேய் பேராண்டி, டை கட்டிக்கினு வந்த பையன் போயிட்டானா? போயிட்டான்னா இப்படி வந்து குந்து. அவன் உனக்கு விரிச்சி விரிச்சிக் காட்டின பேப்பர நானும் திண்ணையிலேர்ந்து எட்டிப் பாத்துக்கினுதான் இருந்தேன். கெழவனுக்குக் கண்ணு மங்கிப் போச்சின்னு நெனைக்காத. கமிஷன்னு எங்க எழுதி இருந்தாலும் இந்தக் கண்ணுக்குத் தானா தெரியும்.

இன்னா சொல்றான் அவன்? ரோட்டு மேல மாடிக் கடை தெறந்து, உன் கடையில எண்ணெயும் பருப்பும் ஓடாம பண்ணின அதே கம்பெனிதானே? இப்ப உன் கல்லா பக்கத்துலயே சின்னதா ஒரு மிஷினு வெக்கிறேன்றான். ஜனங்க வந்து வெரல வெச்சா துட்டு எடுக்கலாம், போடலாம், ஊருக்கு அனுப்பலாம். ஒவ்வொரு தடவைக்கும் உனக்குக் கமிஷன். உன் யாவாரத்த எடுத்துக்கினவன் உன்னையே வேலைக்கும் கூப்புடறான். அதுக்கு நீ டீ வேற வாங்கிக் குடுத்த. மசால் வடையோட.

அவன் வந்ததுல அதிசயம் ஒண்ணும் இல்ல. நம்ம வல்லம் வடகால்ல இப்ப இன்னா இல்ல? 2017-லேர்ந்து இங்க புல்லட்டு வண்டி செய்யறான். ஒரகடத்துல காரு, டயரு. சுங்குவார்சத்திரத்துல ஐபோனு. அந்த ஐபோனு செய்யற பொண்ணுங்க தங்கறதுக்கு நம்ம சிப்காட்டுல 706 கோடி சொச்சத்துல ஆஸ்டலு கட்டி, 2024 ஆகஸ்டுல மொதலமைச்சர் ஸ்டாலின் தெறந்து வெச்சாரு. 18,720 பேரு தங்கலாமாம். நம்ம ஊரு சனம் அம்புட்டையும் கொண்டுபோயி படுக்க வெச்சாலும் மிச்சம் கட்டிலு கெடக்கும். அத்தினி பேருக்கும் மாசம் பொறந்தா சம்பளம் விழுது. அந்த வாசன மும்பையில குந்தி இருக்கற கம்பெனி வரைக்கும் போவாம இருக்குமா?

அதனால நான் சொல்றத கேளு. ஏஜெண்டா போவாத. நீயே ஒரு பேங்கு ஆரம்பி. சிரிக்காதடா. வழியெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க, நீ நடக்கறதுதான் பாக்கி.

உன்கிட்ட வந்தவன் எவனோ, அவன வுடு. ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்ச பெரிய வூட்டுக் கதைய சொல்றேன். ரிலையன்ஸ்காரங்க எங்க ஆரம்பிச்சாங்க? 1966-ல குஜராத்துல, நரோடாவுல ஒரு துணி மில்லு. விமல் துணி. உங்க அப்பன் கல்யாணத்துக்குக் கோட்டு தெச்சது அதுலதான். அவன் ஒரே நாளு போட்டான், பொறவு எலி போட்டுக்கினு இருந்தது. அந்த மில்லு தெறந்த பெரியவரு, துணிக்கு நூலையும் நானே செய்யறேன், நூலுக்கு வேண்டிய எண்ணெயையும் நானே காய்ச்சறேன்னு கீழ எறங்கிக்கினே போனாரு. பெரிய மவன் காலத்துல மேல ஏறினாங்க. 2006-ல ஐதராபாத்துல காய்கறிக் கடை. 2016 செப்டம்பர்ல ஜியோ போன் சேவை. 2018 ஏப்ரல்ல பேங்கு. அந்தப் பேங்குல மொதல்ல ஸ்டேட் பேங்கும் ஒரு பங்காளி. 2025-ல 104 கோடி சொச்சத்த வாங்கிக்கினு அது ஒதுங்கிக்கிச்சி. நடுவுல 2023-ல, பணத்த வெச்சிப் பணம் பண்ற யாவாரத்த மட்டும் ஜியோ ஃபைனான்ஷியல்னு தனியா பிரிச்சி பங்குச் சந்தையில வுட்டாச்சி. அமெரிக்காவுலேர்ந்து பிளாக்ராக்கு கம்பெனிய இட்டாந்து மியூச்சுவல் ஃபண்டும் போட்டாச்சி. ஏலச்சீட்டு ஒண்ணுதான் பாக்கி. அதையும் யாராச்சும் போயி ஞாபகப்படுத்திடப் போறாங்க.

நம்ம பக்கம் மட்டும் சும்மாவா வுட்டாங்க? 2020-ல கோயமுத்தூரு கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர 152 கோடி சொச்சத்துக்கு வாங்கினாங்க. அதே வருசம் மெட்ராசுல நெட்மெட்ஸ், மருந்துக் கடை. செத்துப் போன கேம்பா கோலாவ 2022-ல வாங்கி எழுப்பிக்கினு வந்தாங்க, உன் ஐஸ் பொட்டியில பத்து ரூபாய்க்கு நிக்குது பாரு. 2025 கடைசியில உதயம் பருப்புல பெரும்பங்கு. உங்க பாட்டி ராத்திரியானா விஜய் டிவி சீரியல பாத்து மூக்கு சிந்தறாளே, அந்த டிவியும் 2024 நவம்பர்லேர்ந்து அவுங்க கூட்டுலதான் இருக்குது. நான் எதித்தாப்புல ஒரு வருசமா மொறைச்சிக்கினு நின்னாலும் எனக்காக ஒரு சொட்டு வுடாதவ, அங்க தெனமும் கொடம் கொடமா கட்டறா.

இதுல வெல்வெட்டு ஷாம்பு கதைதான் நீ படிக்க வேண்டிய பாடம். கடலூர்க்காரரு சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தரு. பாட்டிலு வாங்கத் துட்டு இல்லாதவனுக்கு ஏன் ஷாம்பு கூடாதுன்னு, பாக்கெட்டுல அடைச்சி சில்லற காசுக்கு விக்கலாம்னு நெனச்ச ஆளு. அவரு பசங்க காலத்துல வெல்வெட்டும் சிக்கும் பட்டிதொட்டியெல்லாம் தோரணமா தொங்கிச்சி. பாட்டிலோட கம்பீரமா ஒக்காந்திருந்த வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் பின்னாலயே பாக்கெட்டத் தூக்கிக்கினு ஓடி வந்தான். இப்ப அந்த வெல்வெட்டுப் பேரையே ரிலையன்ஸ் மறுபடியும் கடைக்குக் கொண்டாந்திருக்குது. ஏழைக்குத் தேவை பெருசு, கையிருப்பு சிறுசு, நடுவுல ஒரு கத்தரிக்கோலு இருந்தா போதும்னு எவன் கண்டுபுடிச்சானோ அவன்தான் யாவாரி. ஷாம்புவ நறுக்கியாச்சி, போனுல பேசற நிமிசத்த நறுக்கியாச்சி. கடன் மட்டும் முழுசாவே இருக்குமா? ஐநூறு, ஆயிரம், ஏழு நாளு, பதினஞ்சி நாளுன்னு அதையும் பாக்கெட்டு போட்டுத் தொங்க வுடுவாங்க. நீ கிழிச்சிக் குடுக்கறதுக்கு ரெடியா இரு.

சரி, பேங்குன்னு ஆரம்பிச்சா ஜனங்க துட்ட வாங்க அனுமதி வேணுமேன்னு பயப்படறியா? நகைக்கடைக்காரன பாரு. மாசாமாசம் ஆயிரம் ரெண்டாயிரம்னு கட்டிக்கினு வரா உன் பொண்டாட்டி. ஏன் பதினோரு மாசத்தோட நிறுத்தறான்னு என்னைக்காச்சும் கேட்டியா? சரக்குக்குன்னு வாங்கற முன்பணத்த 365 நாளைக்குள்ள சரக்கா குடுத்துட்டா அது டெபாசிட்டு இல்லன்னு 2014 கம்பெனி விதி சொல்லுது. பன்னெண்டத் தாண்டினா டெபாசிட்டு, ஆடிட்டு, தலவலி. பதினோராம் மாசம் முடிஞ்சா மோதிரம், சுபம். சட்டத்த மீறல, சட்டத்துக்குப் பக்கத்துல பாயப் போட்டுப் படுத்திருக்கான். 2023-ல திருச்சியில ஒரு நகைக்கடை ஷட்டர எறக்கிட்டுப் போனப்பதான், அந்தப் பாயில படுத்திருந்தது மொத்தமும் நம்ம பொம்பளைங்க துட்டுன்னு தெரிஞ்சது.

அந்தப் பையன் சொன்னது முழு பேங்கு இல்லடா. பேமெண்ட்ஸ் பேங்கு. ஒரு ஆளுகிட்ட 2 லட்சத்துக்கு மேல வெச்சிக்கக் கூடாது, 2021-க்கு முன்னாடி அதுவும் 1 லட்சம்தான். ஒத்த ரூபா கடன் குடுக்கக் கூடாது. வாங்கற டெபாசிட்டுல முக்காவாசிய அரசாங்கப் பத்திரத்துல போட்டே ஆவணும். இதுல லாபம் எங்கேர்ந்து வரும்? பிர்லாக்காரங்க 2018-ல இப்படி ஒண்ணு தெறந்து, மறு வருசமே மூடறோம்னுட்டாங்க. அவுங்க மெனக்கெட்டுப் பாத்துட்டு வேணாம்னு போன எடத்துல இத்தினி பேரு ஏன் குந்தி இருக்கான்?

நான் கூட்டுறவு சொசைட்டியில கணக்கு எழுதினவன், என் புத்திக்கு எட்டினத சொல்றேன். அவனுக்கு உன் துட்டு பெருசு இல்ல, உன் சங்கதி பெருசு. உன்கிட்ட ஒரு பாக்கி நோட்டு இருக்குதே, ஒரு நூலு அறுந்து தொங்குதே, அதுல இன்னா எழுதி இருக்குது? எவன் இருபதாம் தேதிக்கே கடன் சொல்ல ஆரம்பிக்கறான். எந்தப் பொண்ணு சம்பளத்துல முக்காவாசிய ஊருக்கு அனுப்பிட்டு மாசக் கடைசியில பிஸ்கோத்து வாங்கித் தின்னுட்டு ஷிப்டுக்கு ஓடுறா. கான்ட்ராக்டு முடிஞ்சி எவன நிறுத்தப் போறான். எந்த வூட்டுல பால் பவுடரு வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. பேங்கு மேனேஜருக்கு இது தெரியாது, அவனுக்குச் சம்பளச் சீட்டும் ஆதாரும்தான் தெரியும். சாமானும் விக்கிறவன், போனும் குடுக்கறவன், பணமும் அனுப்பறவன் ஒருத்தனா இருந்தா, உன் நோட்டு அவனுக்குத் தானா எழுதிக்கும். கடன மட்டும் வேற பேருல இருக்கற இன்னொரு கம்பெனி குடுக்கும். அதுவும் சட்டப்படிதான்.

இது எனக்கு ஒண்ணும் புதுசு இல்லடா. செங்கல்பட்டு சில்லா முச்சூடும் மிராசுதாருங்க இருந்தப்ப இதேதான். வெத நெல்லு அவுரு குடுப்பாரு. ஆடி மாசம் சாப்பாட்டுக்கு நெல்லும் அவுருதான் கடன் குடுப்பாரு. களத்து மேட்டுல அளக்கறதும் அவுரு ஆளு. குடுக்கறதுக்கு ஒரு மரக்கா, வாங்கறதுக்கு ஒரு மரக்கா. மிச்சத்த வெளியில விக்கலாம்னா கடன் நிக்குது, அவுருக்கே குடுக்கணும், அவுரு சொல்ற வெலைக்கு. எங்க அப்பாரு சாவற வரைக்கும் அந்தக் கணக்கு இன்னான்னு அவுருக்குப் புரியல. மிராசுதாரு கெட்டவருன்னு சொல்ல மாட்டேன், தீபாவளிக்கு வேட்டி குடுப்பாரு. இப்பவும் அந்தாண்ட பெரிய கடையில ஆபர் குடுக்கறான் இல்ல?

யாவாரத்தையும் பேங்கையும் ஒண்ணா கலந்து பெரிய பெரிய தொர எல்லாம் விழுந்திருக்கான். மெட்ராசுல ஆர்பத்நாட் கம்பெனின்னு ஒரு வெள்ளக்கார யாவார வூடு. ஏத்துமதி எறக்குமதியும் பண்ணுவான், பேங்கும் நடத்துவான். மத்த பேங்க விட வட்டி கொஞ்சம் தூக்கலா குடுப்பான். வக்கீலு, தாசில்தாரு, விதவைப் பொம்பள, கோயில் பணம்னு எல்லாம் அங்க. வெள்ளக்காரன் பேங்கு எங்க போவப் போவுதுன்னு ஒரு தைரியம். ஜனங்க போட்ட துட்ட எடுத்து லண்டன் கூட்டாளி கையில குடுத்து, அவன் அங்க சூதாட்டமா எறக்கினான். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி காலையில கதவு தெறக்கல. கம்பெனித் தலைவரு சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், சர் பட்டம் வாங்கின மனுசன், 18 மாசம் ஜெயிலுக்குப் போனாரு. துட்டப் போட்டவங்க எல்லாம் ரொம்ப நாளு இழுத்து, ரூபாய்க்கு இத்தினி அணான்னு பொறுக்கினாங்க. அந்த வயித்தெரிச்சல்லதான் கிருஷ்ணசாமி ஐயரும் செட்டியாருங்களும் சேந்து 1907-ல இந்தியன் பேங்க ஆரம்பிச்சாங்க. ஆகஸ்டு 15-ஆம் தேதி தெறந்தாங்க, சொதந்தரம் வரதுக்கு நாப்பது வருசம் முன்னாடியே.

கடைக்காரன் பேங்கு வெக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரலடா. தூத்துக்குடியில நாடார் யாவாரிங்க 1921-ல சேந்து நாடார் பேங்குன்னு தெறந்தாங்க. அதுதான் இன்னைக்குத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்கு. அங்க ஒரு யாவாரிக்கு நூறு யாவாரி காவலு, ஒருத்தன் கைய நீட்டினா பக்கத்துல இருக்கறவன் இருமுவான். ஒரே வூட்டுக்காரன் கல்லாவையும் பேங்கையும் வெச்சிக்கினா எவன் இருமறது? டாட்டாவுக்கு ஒரு பேங்கு, பிர்லாவுக்கு ஒரு பேங்குன்னு இருந்து, ஊரு துட்டெல்லாம் அவுங்க மில்லுக்கே போவுது, விவசாயிக்கு வரலன்னுதான் 1969 ஜூலை 19-ல இந்திரா அம்மா 14 பேங்க வாங்கி அரசாங்கத்துல போட்டாங்க. இந்தியன் பேங்கும் அதுல ஒண்ணு.

அரசாங்கம் வாங்கினதெல்லாம் ஒழுங்கான்னு கேக்காத. நான் வேல பாத்த சொசைட்டியிலயே உரமும் நாங்கதான் விப்போம், கடனும் நாங்கதான் குடுப்போம், ரேஷனும் நாங்கதான். மொதல் நகரக் கூட்டுறவு சங்கம் 1904-ல நம்ம காஞ்சிபுரத்துலதான் பதிவாச்சின்னு பெருமையா வகுப்பெடுப்பாங்க. அந்தப் பெருமையிலயே பாதிப் பேரு கடன கட்ட மறந்துடுவான். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. என்ன புடிக்கலன்னா பொதுக்குழுவுல எழுந்து, "கணக்கப்புள்ளய மாத்து"ன்னு ஒருத்தன் கத்தலாம். கத்தினாங்கடா. மும்பையில போயி எவன் கத்தறது, எந்த பஸ்ஸுல ஏறி?

2020 நவம்பர்ல ரிசர்வ் பேங்கு போட்ட ஒரு குழு இன்னா எழுதிச்சி தெரியுமா? பெரிய கம்பெனிங்களும் முழு பேங்கே வெச்சிக்கலாம்னு. கேட்ட நிபுணருங்கள்ல ஒருத்தரத் தவிர எல்லாரும் வேணாம்னாங்கன்னும் அதே குழு அதே அறிக்கையில எழுதிச்சி. எனக்கு அந்த நேர்ம ரொம்பப் புடிச்சது. பொண்ணு வூட்டுல எல்லாருக்கும் புடிக்கல, அதனால முகூர்த்தம் வெச்சிட்டோம்ன்ற மாதிரி. ரிசர்வ் பேங்குல முன்ன பெரிய வேல பாத்த ரகுராம் ராஜனும் விரல் ஆச்சார்யாவும், கடன் வாங்கறவனே பேங்குக்கு மொதலாளி ஆயிட்டா நல்ல கடன் எப்படிக் குடுப்பான்னு எழுதினாங்க. மறு வருசம் அந்தக் குழுவோட 33 யோசனையில 21-அ ரிசர்வ் பேங்கு எடுத்துக்கிச்சி. பெரிய கம்பெனி பேங்கு யோசனைய மட்டும் எடுக்கல, தூக்கிப் போடவும் இல்ல. பரண் மேல இருக்குது.

அமெரிக்காவுல வால்மார்ட்டுக்கே இந்த வழி அமையல. 2005-ல மனு போட்டான், ஊருல இருக்கற சின்ன பேங்கு எல்லாம் சேந்து கூச்சல் போட்டான், 2007-ல மனுவ சுருட்டிக்கினான். இங்க வந்து 2018-ல ஃபிளிப்கார்ட்ட வாங்கினப்ப போன்பே கூடவே வந்துடிச்சி. பொண்ணோட சீர்வரிச. அவனுக்கு முன்ன சியர்ஸ்னு ஒரு கடை, அமெரிக்காவுக்கே பெரிய கடையா இருந்தவன். 1981-ல பங்குத் தரகும் வூட்டுத் தரகும் வாங்கிப் போட்டு, பொறவு கிரெடிட் கார்டும் வுட்டான். காலுறை வாங்கப் போற எடத்துலயே பங்கும் வாங்கலாம்னான். பத்துப் பன்னெண்டு வருசத்துல அம்புட்டையும் கழட்டி வுட்டான். துட்டு யாவாரத்துல கண்ணு இருந்தப்ப கடைய வால்மார்ட்டு தின்னுக்கினு போயிட்டான். 2018-ல திவால். அதனால பெரிய கடைக்காரன் பேங்கு தெறந்தா நீ அழ வேணாம், பருப்பு நல்ல பருப்பா வெச்சிக்கினு குந்தி இரு. அவன் துட்டு எண்ணப் போன நேரத்துல பருப்பு கேக்கறவன் உன்கிட்டதான் வருவான். வந்தாலும் வருவான்.

இன்னா யோசிக்கிற? பேங்கு ஆரம்பிக்கலாம்னா? வேணாம் வேணாம், நான் வெளையாட்டுக்குச் சொன்னேன், உனக்கு வெளையாட்டும் தெரியாது பேங்கும் தெரியாது. அந்த மிஷின வாங்கி வெச்சிக்கோ. ராத்திரி ஷிப்டு முடிச்சி வர பொண்ணு, ஏடிஎம்ல பணம் இல்லன்னு இருட்டுல ஒரகடம் வரைக்கும் ஆட்டோவுக்குக் குடுக்கற காசு மிச்சம். யாரு ரேக வெக்கறாங்களோ அவுங்க கண்ணு முன்னாலயே தொகைய சத்தமா படி, ரசீதக் கையில குடு, ஒரு வாட்டிக்கு ரெண்டு வாட்டி வெரல வெக்கச் சொல்லாத. கமிஷன் மாசம் தவறாம வருதான்னு பாரு. வரலன்னா மிஷின் மேல முறுக்கு டப்பாவ தூக்கி வெச்சிடு.

ஆனா அந்தப் பையன் ரெண்டு மாசம் கழிச்சி மறுபடி வருவான். இந்த வாட்டி அவனே வட வாங்கிக்கினு வருவான். "அண்ணே, உங்க பாக்கி நோட்ட ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா, உங்க கஸ்டமருக்கெல்லாம் நாங்களே லோனு குடுத்துடறோம், உங்களுக்கு வசூல் தொல்ல வுட்டுது"ம்பான். அப்ப வடைய தின்னுடு. நோட்டு மழையில நனஞ்சிடிச்சின்னு சொல்லு. காஞ்சதும் வரேன்னா, எலி கடிச்சிடிச்சின்னு சொல்லு, உங்க அப்பன் கோட்டக் கடிச்ச வம்சம்தான், சாட்சி இருக்குது. அப்பவும் வுட மாட்டேன்னு நின்னா, என் பேரு இருக்கற பக்கத்த மட்டும் கிழிச்சி எடுத்துட்டுக் காட்டு. உங்க பாட்டிக்குத் தெரியாம நான் வாங்கின பொகையில கணக்கு மொத்தமும் அதுல இருக்குது.